பழ வாசனைக் கலப்பினக் கஞ்சா: ‘புளூ டிரீம்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொரொண்டோவில் இருக்கும் தம்பி அனுப்பிய படம், பாங்கொக் போய்வந்த கூட்டாளியின் பேச்சு, பிள்ளையின் ஃபோனில் வந்து விழும் விளம்பரம் என்று ஏதோ ஒரு வழியில் இந்தப் பெயர்கள் ஹட்டனுக்கும் வெலிமடைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. எல்லாமே மிட்டாய்க் கடைப் பெயர்கள்: புளூ டிரீம், டான்ஜி, ஸ்ட்ரோபெரி கஃப், ரன்ட்ஸ். அதிகம் அடிபடும் பெயர் புளூ டிரீம் என்பதால் அதை முன்வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இலங்கையில் கஞ்சா சட்டவிரோதம். எங்கே கிடைக்கும், எப்படி வளர்ப்பது என்ற கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

புளூ டிரீம் என்பது சரியாக என்ன?

இரண்டு பழைய இனங்களின் கலப்பு. ஒரு பக்கம் ‘புளூபெரி’: தாய்லாந்து, ஆப்கான் வேர்கள் கொண்ட செடிகளை வைத்து 1970களில் தொடங்கி, டி.ஜே. ஷோர்ட் என்ற பெயரில் அறியப்படும் அமெரிக்க வளர்ப்பாளர் உருவாக்கியது. மறுபக்கம் கலிபோர்னியாவின் ‘ஹேஸ்’. இரண்டும் சேர்ந்த புளூ டிரீம் 2000களில் கலிபோர்னியாவிலிருந்து மற்ற இடங்களுக்குப் பரவியது.

மூடியைத் திறந்தவுடன் இனிப்பான பெரி வாசம் வரும். நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி ஜாம் காய்ச்சும் அடுப்படியை நினைத்துக்கொள்ளலாம். அந்த வாசத்துக்கு அடியில் பைனஸ் மரப் பிசினும் ஈர மண்ணும் இருக்கும். சட்டபூர்வ சந்தைகளின் லேபல்களில், போதை தரும் சேர்மமான டி.எச்.சி. பெரும்பாலும் 17 முதல் 24 வீதம் வரை இருக்கும். போதை தராத சேர்மமான சி.பி.டி. 1 வீதத்துக்கும் கீழே. அதாவது வாசம் பழத்துடையது, வேலை முழுக்க டி.எச்.சி.யுடையது.

‘ஹைபிரிட்’ என்றால் கோவா, கரட் விதைப் பைக்கட்டில் போட்டிருக்கும் எஃப்1 ஹைபிரிட் மாதிரியா?

இல்லை. மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். எஃப்1 கோவா விதை, பல தலைமுறை தன்னோடு தானே சேர்த்துச் சீராக்கப்பட்ட இரண்டு தூய வரிசைகளின் முதல் தலைமுறை. அதனால்தான் ஒரு பாத்தி முழுவதும் ஒரே அளவில், ஒரே நாளில் முற்றுகிறது. அதிலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்துக்குப் போட்டால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று தலையே கட்டாது.

கஞ்சா வியாபாரத்தில் ‘ஹைபிரிட்’ என்பது அவ்வளவு கறாரான சொல் அல்ல. இரண்டு வகை கலந்தது என்பதற்கு மேல் அதில் உத்தரவாதம் ஒன்றும் இல்லை. பெற்றோர் இரண்டுமே ஏற்கெனவே கலப்பு. ஆகவே அவற்றின் விதையில் முளைக்கும் பத்துச் செடியும் பத்து விதமாகப் போகும். ஒன்றில் பெரி வாசம் தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் வெறும் பைனஸ் வாசம் மட்டுமே இருக்கும்.

அப்படியானால் ஒரே பெயரில் விற்கும் இரண்டு பைக்கட்டும் ஒன்றா, வேறா?

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். விதைத் தேயிலை மலையில் பக்கத்துப் பக்கத்துச் செடிகள்கூட இலை அளவிலும் நிறத்திலும் மாறுபடும். துண்டு நட்டு வளர்த்த வீ.பி. தேயிலை மலையில் அப்படி இல்லை, ஏனென்றால் எல்லாமே ஒரு தாய்ச் செடியின் துண்டுகள். தலவாக்கலை செயின்ட் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டீ.ஆர்.ஐ. 2025 என்ற ரகம் (அந்த 2025 வருடம் அல்ல, ரக எண்) எங்கே நட்டாலும் மரபணுவில் அதே செடிதான். ஆனாலும் டிம்புளவில் பறித்ததும் ஊவாவில் பறித்ததும் கோப்பையில் ஒன்றாக இருப்பதில்லை. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றடிக்கும் காலத்துத் தேயிலைக்கு மட்டும் அந்தத் தனி வாசம் வருகிறது. மண், குளிர், காற்று, பறித்த நாள், ஃபெக்டரியில் வாட்டிய விதம் எல்லாம் சேர்ந்து சுவையை முடிவு செய்கின்றன.

கஞ்சாவிலும் இப்படித்தான். நல்ல நிறுவனங்கள் ஒரு தாய்ச் செடியிலிருந்து துண்டு எடுத்துப் பெருக்குகின்றன. அது வீ.பி. மாதிரி. ஆனால் தேயிலைக்கு ஆராய்ச்சி நிலையமும் ரகப் பதிவும் இருக்கின்றன. கஞ்சா பல பத்தாண்டுகள் ஒளித்து வளர்க்கப்பட்ட பயிர் என்பதால் அப்படியொரு பதிவேடு அதற்கு இருந்ததில்லை. யாரும் எந்தச் செடிக்கும் ‘புளூ டிரீம்’ என்று பெயர் வைக்கலாம். அமெரிக்காவில் ஒரே பெயரில் விற்ற மாதிரிகளை மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, பல பெயர்களின் கீழ் ஒன்றோடொன்று சேராத செடிகள் இருந்தன.

துண்டில் வளர்ந்த செடியும் கெடலாம். ஹொப் மறைநிலை வைரொயிட் என்றொரு தொற்று உண்டு. வெட்டும் கத்தி வழியாக ஒரு செடியிலிருந்து மற்றதற்குப் பரவும். முதலில் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, பிறகு செடி குறுகும், பிசின் குறையும், வாசம் மங்கும். லேபலில் பெயர் அதேதான் இருக்கும்.

பழமே இல்லாத செடியில் பழ வாசம் எங்கிருந்து வருகிறது?

தக்காளிச் செடியின் இலையைத் தொட்டு விரலை முகர்ந்து பாருங்கள். அந்த வாசம் இலைமேல் இருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களிலிருந்து வருகிறது. பெண் கஞ்சாச் செடியின் பூவிலும் அதே மாதிரிச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. டி.எச்.சி.யும் வாசனை எண்ணெய்களும் ஒரே சுரப்பியில்தான் உருவாகின்றன. காய்ந்த பூவின் எடையில் வாசனை எண்ணெய் ஏறத்தாழ 1 முதல் 3 வீதம். அதற்கு டெர்பீன் என்று பெயர். ஒவ்வொன்றையும் நம் வீட்டிலேயே முகரலாம்.

மிர்சீன் மாம்பழத்திலும் எலுமிச்சைப் புல்லிலும் இருக்கிறது. பழுத்த, மண் கலந்த வாசம். புளூ டிரீமில் பெரும்பாலும் இதுதான் முதலாவது. பைனீன் பெயரிலேயே இருக்கிறது, பைனஸ் மர வாசம். கரியோஃபிலீன் மிளகும் கராம்பும். மாத்தளை, கண்டிப் பக்கத்து வாசனைத் தோட்டங்களில் மூக்கைக் குத்தும் காரத்தில் இதற்கும் பங்குண்டு. லிமொனீன் தோடம்பழத் தோலைப் பிதுக்கினால் தெறிப்பது. டான்ஜி போன்ற தோடை வாசனை வகைகளில் இது தூக்கல். லினலூல் லாவண்டர் வாசம். உயர்நிலத் தேயிலையின் பூ வாசனையிலும் லினலூலுக்குப் பங்கு உண்டு என்பது தேநீர் சுவைப்பவர்களுக்குத் தெரிந்ததே.

ஆனால் டெர்பீன் மட்டும் வைத்துப் பழ வாசத்தை முழுதாகச் சொல்ல முடியாது. இரண்டு பைக்கட்டின் டெர்பீன் அறிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்க, ஒன்றில் மட்டும் பேஷன் புரூட் வாசம் தூக்கலாக வரும். 2021இலும் 2023இலும் வெளியான ஆய்வுகள் இதற்குக் கந்தகச் சேர்மங்களைக் காரணம் காட்டின. மிகமிகக் குறைந்த அளவில் இருந்தாலும் மூக்கில் ஓங்கிப் பேசுபவை இவை. பேஷன் புரூட்டிலும் கொய்யாவிலும் அந்த வெப்பமண்டல வாசத்தைத் தருவது இதே குடும்பம். கஞ்சாவின் நாற்றமும் இதே குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரால்தான். பழ வாசம் தரும் எஸ்டர் என்ற சேர்மங்கள் பலவும் சேர்கின்றன. வழக்கமான லேப் அறிக்கையில் இவை அச்சிடப்படுவதில்லை.

பழ வாசம் என்றால் வீரியம் குறைவு என்று சொல்கிறார்களே?

தவறு. வாசத்துக்கும் வீரியத்துக்கும் கணக்குத் தொடர்பே இல்லை. இனிப்பான புளூ டிரீமில் 22 வீத டி.எச்.சி. இருக்கலாம். தொண்டையைக் கிழிக்கும் சாதாரண நாட்டுக் கஞ்சாவில் அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். பழைய பழக்கம் உள்ளவர்கள், ‘நான் முப்பது வருஷம் பார்த்தவன்’ என்று அதே அளவை எடுத்துத் தலைசுற்றி விழுவது இந்தக் குழப்பத்தால்தான்.

மாம்பழம் சாப்பிட்டுவிட்டு எடுத்தால் ஏறும் என்ற கதையும் உண்டு. மாம்பழத்தில் இருக்கும் மிர்சீன் அளவு அதற்குப் போதாது.

சட்டிவா உற்சாகம், இண்டிகா தூக்கம், ஹைபிரிட் நடுவில்: சரியா?

கடைக்காரருக்கு வசதியான பிரிப்பு. செடி உயரமா குட்டையா, இலை ஒடுக்கமா அகலமா என்பதிலிருந்து தொடங்கிய சொற்கள் இவை. மரபணு ஆய்வுகளில் இந்தப் பெயர்களுக்கும் செடிக்கும் இருக்கும் பொருத்தம் பலவீனமானது. ‘இண்டிகா’ என்று விற்பவற்றில் மிர்சீன் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். புளூ டிரீமை ‘சட்டிவா மேலோங்கிய ஹைபிரிட்’ என்று விற்கிறார்கள், ஆனால் அதில் மேலோங்கியிருப்பது அதே மிர்சீன். இந்த ஒரு உதாரணமே பிரிப்பு எவ்வளவு தளர்வானது என்று காட்டும்.

ஒருவருக்கு என்ன நடக்கும் என்பதை உண்மையில் தீர்மானிப்பவை: எத்தனை மில்லிகிராம் டி.எச்.சி., புகையா உணவா, முன்பு பழக்கம் உண்டா, வெறும் வயிறா, வேறு மருந்து அல்லது மது இருக்கிறதா, அந்த நேரத்து மனநிலை என்ன.

கனடா லேபலில் இரண்டு டி.எச்.சி. எண் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பெரிய எண்ணை. பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் டி.எச்.சி.ஏ. என்ற அமில வடிவம். சூடு பட்டால்தான் அது டி.எச்.சி. ஆகும். அப்போது ஒரு பகுதி கரியமில வாயுவாகப் போய்விடுவதால் எடை குறையும். அதனால் டி.எச்.சி.ஏ. அளவை 0.877ஆல் பெருக்கி, ஏற்கெனவே உள்ள டி.எச்.சி.யைக் கூட்டுவார்கள்.

கணக்கு இப்படி: லேப் அறிக்கையில் டி.எச்.சி.ஏ. 22 வீதம், டி.எச்.சி. 0.8 வீதம் என்றால் 22 × 0.877 = 19.3. அதோடு 0.8 சேர்த்தால் மொத்தம் 20.1 வீதம். லேபலில் இது ‘டி.எச்.சி. ஒரு கிராமுக்கு 8 மில்லிகிராம், மொத்த டி.எச்.சி. ஒரு கிராமுக்கு 201 மில்லிகிராம்’ என்று வரும். 8ஐப் பார்த்து ‘லேசான சரக்கு’ என்று நினைப்பவர்கள் உண்டு. கால் கிராமில் 50 மில்லிகிராம் இருக்கிறது. புகைத்தால் அதில் ஒரு பகுதிதான் இரத்தத்துக்குப் போகும், நாலில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 12 மில்லிகிராமுக்கு மேல். அமெரிக்க ஆய்வுகளில் ‘ஒரு அலகு’ என்று எடுத்துக்கொள்வது 5 மில்லிகிராம். கனடாவில் உண்ணும் பொருள் ஒரு முழுப் பைக்கட்டிலேயே 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

லேபலில் போட்டிருப்பது உண்மைதானா?

பாதி நம்பலாம். அதிக வீதம் போட்டால் அதிக விலை, ஆகவே அதிக வீதம் காட்டும் லேப்பைத் தேடிப் போகும் பழக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் கடைகளில் வாங்கிய 23 மாதிரிகளைச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 வீதமானவற்றில் உண்மை அளவு லேபலைவிட 15 வீதத்துக்கு மேல் குறைவாக இருந்தது. சட்டமும் லேப்பும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

வாங்கி ஒரு மாதத்தில் பழ வாசம் போய் வைக்கோல் வாசம் வருகிறதாம். ஏன்?

பழ வாசத்துக்குக் காரணமான சேர்மங்களில் பல சுலபமாக ஆவியாகிப் போகும். பழைய சோதனை ஒன்றில், புதிதாகப் பறித்த பூவைக் காய வைத்ததில் முதல் வாரத்திலேயே வாசனை எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போனது, மூன்று மாதத்தில் பாதிக்கு மேல். முதலில் போவது தோடம்பழமும் பெரியும். கடைசிவரை நிற்பது மிளகு, கராம்பு வாசத்தைத் தரும் கனமான மூலக்கூறுகள். அவசரமாகச் சூட்டில் காய வைத்தால் பச்சையம் சிதையாமல் நின்று, அதுவே வைக்கோல் வாசமாகத் தெரியும். அரைகுறையாக வாட்டிய தேயிலையின் பச்சை வாடை மாதிரிதான்.

டி.எச்.சி.யும் நிற்காது. அறை வெப்பநிலையில் முதல் வருடத்தில் சுமார் 17 வீதம், இரண்டாம் வருட முடிவில் சுமார் 27 வீதம் சிதைந்துவிடும். வெளிச்சம்தான் பெரிய எதிரி. சிதைந்து உண்டாவது சி.பி.என். பழைய சரக்கு தூக்கம் தருகிறது என்பார்கள். அதற்கு சி.பி.என்.தான் காரணம் என்ற விளக்கத்துக்கு ஆதாரம் மெலிது.

ஈரம் அதைவிடப் பெரிய பிரச்சினை. சட்டபூர்வ சந்தையில் நீர்ச் செயற்பாட்டு அளவை (பூஞ்சணம் வளர எவ்வளவு ஈரம் கிடைக்கும் என்று காட்டும் எண்) 0.65க்குக் கீழே வைக்கிறார்கள், மூடிய போத்தலுக்குள் ஈரப்பதம் வழக்கமாக 58 முதல் 62 வீதம். நுவரெலியாவில் மழைக்காலத்தில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 80ஐத் தாண்டி நிற்கும், அலுமாரிக்குள் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கும். ஸ்ட்ரோபெரியை அழுக வைக்கும் அதே சாம்பல் பூஞ்சணம், பொட்ரைடிஸ், இந்தப் பூவையும் உள்ளிருந்து தின்னும். வெளியே நன்றாக இருக்கும், பிய்த்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் தூள். அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சணம் இன்னும் மோசம். கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர், நீண்ட நாள் ஸ்டீரொயிட் எடுப்பவர் ஆகியோருக்கு இது நுரையீரலில் உயிருக்கு ஆபத்தான தொற்றை உண்டாக்கலாம். புகைத்தால் சூட்டில் பூஞ்சணம் செத்துப்போகும் என்பது வீண் நம்பிக்கை, வித்துகள் புகையோடு உள்ளே போகும்.

நம் பக்கம் ‘குஷ்’ என்று விற்பதும் இதுவா?

‘குஷ்’ என்பது ஒரு கஞ்சா வம்சாவளியின் பெயர், இந்துகுஷ் மலையிலிருந்து வந்தது. இலங்கையில் அந்தச் சொல் இப்போது வெளிநாட்டிலிருந்து வரும் வீரியம் கூடிய பூ எல்லாவற்றுக்குமே பொதுப் பெயராகிவிட்டது. கட்டுநாயக்கவில் பாங்கொக் விமானங்களில் வந்த பயணப் பெட்டிகளில் பல கிலோ கணக்கில் பிடிபட்டதாக வரும் செய்திகளில் ‘குஷ்’ என்று எழுதுவது இதைத்தான். அதில் புளூ டிரீமும் இருக்கலாம், வேறெதுவும் இருக்கலாம். பைக்கட்டின் படம் அச்சகத்தில் அடித்தது.

லேபல் இல்லாத சரக்கில் இரண்டு விஷயங்கள் பயப்பட வேண்டியவை. ஒன்று, மலிவான இலையில் செயற்கைக் கன்னபினொயிட் (டி.எச்.சி. போல வேலை செய்ய லேப்பில் செய்த இரசாயனம்) தெளித்து விற்பது. அது டி.எச்.சி.யைவிடப் பல மடங்கு பலமாக மூளையைப் பிடிக்கும், வலிப்பு வரை கொண்டுபோகும். இரண்டு, பழ வாசனை ‘வேப்’ குப்பிகள். அதில் வரும் பெரி வாசம் பெரும்பாலும் வெளியிலிருந்து ஊற்றிய எசென்ஸ். 2019இல் அமெரிக்காவில் கள்ளக் குப்பிகளில் கலந்த வைட்டமின் இ அசிட்டேட் நுரையீரல்களைக் கெடுத்தது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். அவர்களில் மரணங்கள் 68.

பாடசாலை வாசல் கடைகளில் பிடிபடும் மதன மோதகம் என்ற கஞ்சா உருண்டை இதற்கு உள்ளூர் அண்ணன். ஆயுர்வேதத்தில் அந்தப் பெயரில் உண்மையான மருந்து உண்டு. கடையில் உருண்டையாகக் கிடைப்பதில் எத்தனை மில்லிகிராம் என்று செய்தவருக்கே தெரியாது.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும். வைத்திருத்தல், வளர்த்தல், விற்றல், இறக்குமதி செய்தல் எல்லாம் குற்றம். பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியர்கள் மருந்து செய்ய, ஆயுர்வேத ஆணையாளர் வழியாக மட்டும் விலக்கு உண்டு. ஏற்றுமதிக்காக வளர்க்க முதலீட்டாளர்களுக்கு 2025இல் கொடுக்கப்பட்ட அனுமதியால் சாதாரண ஆளுக்கு ஒன்றும் மாறவில்லை.

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் சட்டபூர்வம், பொது இடத்தில் 30 கிராம் வரை வைத்திருக்கலாம். ஆனால் நாட்டை விட்டு ஒரு கிராம் வெளியே கொண்டுபோனாலும் கனடாவிலேயே குற்றம். தாய்லாந்து 2022 ஜூன் 9இல் தடையை நீக்கி, 2025 ஜூனில் பூவுக்கு வைத்தியர் சீட்டுக் கட்டாயம் என்று மீண்டும் இறுக்கியது. ‘மாமா மிட்டாய்தானே அனுப்புகிறார்’ என்று பார்சலில் வரும் ‘கம்மி’ என்ற கஞ்சா கலந்த ஜெலி மிட்டாயும் இறக்குமதிதான், பெறுபவரின் பெயர் பெட்டியிலேயே எழுதியிருக்கும். இப்படி அனுப்பும் உறவினருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

புகைத்தால் எவ்வளவு நேரம், சாப்பிட்டால் எவ்வளவு நேரம்?

புகையில் சில நிமிடங்களில் தொடங்கும், அரை மணிக்குள் உச்சம், இரண்டிலிருந்து நாலு மணித்தியாலத்தில் இறங்கும். உணவில் அரை மணி முதல் இரண்டு மணித்தியாலம் வரை ஒன்றும் தெரியாது, பிறகு ஏறி ஆறு முதல் எட்டு மணித்தியாலம், சிலருக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரை இருக்கும். ஈரலில் டி.எச்.சி. வேறொரு வடிவமாக மாறுகிறது, அது மூளைக்குச் சுலபமாகப் போகிறது. ஆகவே அதே மில்லிகிராம் வாயால் போனால் வேறு பலம்.

தவறு எப்போதும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது: ஒன்றைச் சாப்பிட்டு முக்கால் மணி பார்த்து, ‘இது டூப்’ என்று இன்னும் இரண்டைப் போடுவது. மூன்றும் ஒன்றாக ஏறும்போது நடு இரவாகியிருக்கும்.

கூடிப்போய்விட்டால் என்ன செய்வது?

நெஞ்சு படபடப்பு, செத்துப்போகப் போகிறேன் என்ற பயம், வாய் வறட்சி, கண் சிவப்பு, எழுந்து நின்றால் கண் இருட்டுவது ஆகியவை பொதுவான அறிகுறிகள். டி.எச்.சி. இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் விழும். லயத்துப் படியில் அல்லது குளியலறையில் விழுந்து தலையில் அடிபடுவதுதான் உண்மையான ஆபத்து.

உட்கார வையுங்கள், அல்லது ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, ‘இது இறங்கிவிடும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். கட்டாயப்படுத்தி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தேசிக்காய்ச் சாறு முறிக்கும் என்று வாயில் ஊற்ற வேண்டாம், மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் போகும். தனியாக விடக்கூடாது.

நெஞ்சு வலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாமை, மூச்சுத் தடுமாற்றம், தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் பார்ப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சிறு பிள்ளை ஒரு கம்மியைத் தின்றிருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு மூச்சே மந்தமாகும். பைக்கட்டையும் மிச்சத்தையும் கையோடு கொண்டுபோய், என்ன தின்றது, எத்தனை மணிக்கு என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொலிஸுக்குப் பயந்து ‘ஏதோ இலை தின்றுவிட்டது’ என்று சொன்னால், தேவையில்லாத சோதனைகளில் நேரம் போய்விடும்.

யாருக்குக் கண்டிப்பாக ஆகாது?

குடும்பத்தில் சித்தப்பிரமை, மனச்சிதைவு இருந்தவர்கள். அதிக டி.எச்.சி.யை அடிக்கடி எடுப்பது அந்த நோயின் அபாயத்தைக் கூட்டுகிறது, அதுவும் மூளை வளர்ந்து முடியாத வயதில். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும். இதய நோயாளிகள், ஏனென்றால் துடிப்பு நிமிடத்துக்கு 20, 30 கூட எகிறும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கஞ்சா அந்த மருந்தை ஈரல் உடைப்பதைத் தாமதப்படுத்தி, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறி, இரத்தம் கசியலாம். வலிப்புக்குக் குளோபசாம் எடுப்பவருக்கு சி.பி.டி. அதன் அளவை இரத்தத்தில் உயர்த்தும். தூக்க மாத்திரை, மது இரண்டோடும் சேர்த்தால் மயக்கம் இரட்டிப்பாகும்.

தினமும் எடுப்பவர் விடியற்காலையில் வாந்தி எடுத்து, சுடுதண்ணியில் நின்றால்தான் ஆறுகிறது என்கிறார். கேஸ்ட்ரிக்கா?

பெரும்பாலும் இல்லை. பல மாதங்கள், வருடங்கள் தினமும் எடுத்தவர்களுக்கு வரும் கன்னபினொயிட் வாந்தி நோய்க்கு இதுதான் அடையாளம்: விட்டுவிட்டு வரும் கடும் வாந்தி, வயிற்று வலி, சுடுதண்ணியில் குளித்தால் மட்டும் நிவாரணம். குளிர் ஊரில் சுடுதண்ணிக் குளியல் வழமை என்பதால் வீட்டார் கவனிக்கத் தவறுவார்கள். வாந்திக்குக் கொடுக்கும் சாதாரண ஊசி அவ்வளவாக வேலை செய்யாது. நீரிழப்பால் சிறுநீரகம் அடிபடலாம், சேலைன் தேவைப்படும். முழுதாக நிறுத்தினால் நிற்கும், மீண்டும் தொடங்கினால் மீண்டும் வரும். ‘கஞ்சா வாந்தியை நிறுத்தும் மருந்துதானே’ என்று இன்னும் கூட்டி எடுப்பதால்தான் நோய் முற்றுகிறது.

வெளிநாட்டு வேலைக்கான சிறுநீர்ச் சோதனையில் எத்தனை நாள் தெரியும்?

ஒருமுறை எடுத்தால் ஏறத்தாழ மூன்று நாள். வாரத்தில் சில தடவை என்றால் ஒரு வாரம் வரை. தினமும் எடுத்தவருக்கு 30 நாள் தாண்டியும் வரலாம், கொழுப்பில் சேர்ந்து மெல்ல மெல்ல வெளியேறுவதால். வழக்கமான முதல் சோதனையின் எல்லை மில்லிலீட்டருக்கு 50 நனோகிராம். தண்ணீரை வாளி வாளியாகக் குடித்துப் போனால் சிறுநீர் மிக நீர்த்திருப்பது கிரியாட்டினின் அளவில் தெரிந்துவிடும். புளூ டிரீம் சீக்கிரம் போகும், இன்னொன்று தங்கும் என்பதெல்லாம் கிடையாது, சோதனை பெயரைப் பார்ப்பதில்லை. ‘சி.பி.டி. மட்டும்’ என்று விற்கும் எண்ணெயில் இருக்கும் சிறு டி.எச்.சி.யும் தினமும் எடுத்தால் சோதனையில் தெரியலாம்.

எடுத்துவிட்டு எப்போது வாகனம் ஓட்டலாம்?

புகைத்தால் குறைந்தது ஆறு மணித்தியாலம், சாப்பிட்டிருந்தால் மறுநாள் வரை கூடாது. டி.எச்.சி. வேகத்தைக் குறைத்து ஓட்ட வைக்கிறது என்று சொல்வார்கள், அது நேர் வீதியில். பாதையின் நடுக்கோட்டைப் பிடித்து ஓட்டும் திறமைதான் முதலில் போகும். றம்பொடை இறக்கத்தில், மஹியங்கனைப் பதினெட்டு வளைவில், மூடுபனியில், எதிரே பஸ் வரும்போது அந்தத் திறமைதான் வேண்டும். மதுவும் சேர்ந்தால் எந்தக் கணக்கும் பொருந்தாது.

விட நினைப்பவர் எங்கே போகலாம்?

எடுப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார், பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, இரவில் வியர்வை, கலங்கலான கனவுகள் தொடங்கும். முதல் வாரம்தான் கடினம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கும். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, மனநலத்துக்கு 1926. ஆதார வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குக்கும் நேரே போகலாம். அங்கே ‘குஷ்’, ‘புளூ டிரீம்’ என்று பெயர் சொல்வதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, புகையா உணவா, கடைசியாக எப்போது என்று மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு வேலை சுலபம்.